விர்ச்சுவல்பாக்ஸ ஓட வச்ச எல்லாருக்கும் ஒரு பெரிய நன்றி

வணக்கம் மக்களே. டெபியன் 13ங்கிற லினக்ஸ் போட்ட லேப்டாப்ல, கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ், அதுக்குள்ள விண்டோஸ், அதுக்குள்ள கணக்கு எழுதுற டேலி, கூடவே ஆடிட்டர் குடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், இத்தனையும் இப்ப ஜம்முனு ஓடுது. தனித்தனியா மெசேஜ்ல ஒரு கும்புடு எமோஜி போட்டு முடிச்சிருக்கலாம்தான், ஆனா மனசு கேக்கல, யாரு எந்த இடத்துல கை குடுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு இங்கயே எழுதுறேன்.

முதல்ல சேலத்து அண்ணனுக்கு. விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ள இருக்கிற மெஷின ஸ்டார்ட் பண்ணா 'கர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்ட், ஆர்சி மைனஸ் 1908'னு வந்து நின்னப்ப, கேட்ட பக்கமெல்லாம் அழிச்சிட்டு திரும்ப போடு, இல்லன்னா வேற லினக்ஸுக்கு மாறு, இதே பதில்தான். நீங்க மட்டும்தான் அண்ணா "வார் லாக் ஃபோல்டர்ல விபாக்ஸ் செட்டப் லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், அதோட கடைசி வரிகள அனுப்பு, பாத்துட்டு பேசலாம்"னு கேட்டீங்க. விர்ச்சுவல்பாக்ஸோட டிரைவர் நம்ம கர்னலுக்கு, அதாவது லினக்ஸோட மையப் பகுதிக்கு, ஏத்த மாதிரி நம்ம லேப்டாப்லயே கம்பைல் ஆகணும், அதுக்கு ஜிசிசி, மேக்னு ரெண்டு கம்பைல் பண்ற டூலும், கர்னலோட உள் விவரம் இருக்கிற ஹெடர் ஃபைல்களும் வேணும், அந்த ஹெடர் இப்ப ஓடிட்டு இருக்கிற கர்னலோட அதே வெர்ஷனா இருக்கணும், ஒரு புள்ளி மாறினாலும் வேலைக்கு ஆகாதுன்னு பொறுமையா சொன்னீங்க. அதோட விடாம, லினக்ஸ் ஹெடர்ஸ் ஏஎம்டி64ங்கிற பொது பேக்கேஜ போட்டு வச்சா கர்னல் அப்டேட் வர்றப்பல்லாம் ஹெடரும் கூடவே வந்துரும், ஒவ்வொரு தடவையும் தேட வேணாம்னு சொன்னீங்க பாருங்க, இன்னிக்கி வரைக்கும் அதுதான் காப்பாத்துது. (பேர்ல ஏஎம்டின்னு இருக்கே, நம்மது இன்டெல் ப்ராசசர் ஆச்சேன்னு கேட்டதுக்கு சிரிக்காம பதில் சொன்னதுக்கு தனி நன்றி.)

ஹெடர் வந்துச்சு, கம்பைலும் ஆச்சு, ஆனா லோடு ஆகல. 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'. இங்கதான் நாகர்கோவில் அக்கா வந்தாங்க. பயாஸ்ல, அதாவது லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ல, செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணிருன்னு ஆளாளுக்கு சொன்னாங்க, அது சுலபம்தான், ஆனா கடைக் கணக்கு இருக்கிற மெஷின்ல அத எதுக்குப்பா தொறந்து போடுறன்னு அக்கா ஒத்துக்கவே இல்ல. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா கையெழுத்து இல்லாத மாட்யூல (இந்த டிரைவர் மாதிரி கர்னல்ல சேர்ற துண்டு) கர்னல் உள்ள விடாது, அதனால நாமளே ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற டூல வச்சு ஒரு சாவி (இதத்தான் மோக்னு சொல்றாங்க) செஞ்சு, மோக்யூட்டில்ங்கிற டூல்ல இம்போர்ட் பண்ணி, ரீபூட்ல அத பதிவு பண்ணிட்டா போதும்னு சொல்லி, ராத்திரி போன்லயே கூட இருந்தாங்க. "நீல ஸ்க்ரீன் ஒண்ணு வரும், பத்து செகண்டுதான் நிக்கும், அதுக்குள்ள ஏதாவது ஒரு கீய தட்டு, என்ரோல் மோக்க எடு, கொஞ்சம் முன்னாடி வச்சியே அந்த பாஸ்வேர்ட குடு, விட்டுட்டீன்னா திரும்ப முதல்லேர்ந்து"னு அக்கா முன்கூட்டியே சொல்லலைன்னா அந்த ஸ்க்ரீன யாரு கவனிச்சிருப்பா சொல்லுங்க. அதுக்கப்புறம் டிரைவர அமைக்கிற ஆர்சிவிபாக்ஸ்டிரைவ் செட்டப் கமாண்ட திரும்ப ஓட்டினோம், மாட்யூல் லோடு ஆயிருச்சு. அக்கா, அன்னிக்கி உங்க வீட்டுல சாப்பாடு லேட் ஆனதுக்கு மாமாகிட்டயும் சொல்லிருங்க.

இதோட முடிஞ்சிதுன்னு நெனச்சா அதான் இல்ல. விண்டோஸ் மெஷின ஸ்டார்ட் பண்ணதும் 'வெர் விஎம்எக்ஸ் இன் விஎம்எக்ஸ் ரூட் மோட்'. இதுக்கு எங்க சித்தி பையன், இன்ஜினியரிங் படிக்கிறவன், அவன்தான் விடை கண்டுபிடிச்சான். விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியே மெஷின் ஓட்ட லினக்ஸுக்குன்னு சொந்தமா கேவிஎம் இருக்கு இல்லையா, கர்னலுக்குள்ள 2007லயே வந்தது, அது முன்னாடியெல்லாம் லோடு ஆகி சும்மா கெடக்கும், அதுல யாராவது மெஷின் ஓட்டினாதான் ப்ராசசர்ல இந்த வேலைக்குன்னே இருக்கிற விடி-எக்ஸ் வசதிய எடுக்கும். கர்னல் 6.12லேர்ந்து மாட்யூல் லோடு ஆன உடனேயே எடுத்து வச்சிக்குது, பஸ்ல ஜன்னல் வழியா கர்ச்சீஃப் போட்டு சீட்டு புடிக்கிற மாதிரி. டெபியன் 13ல வர்றதும் அதே 6.12தான், அப்ப விர்ச்சுவல்பாக்ஸ் எங்க போய் உக்காரும்? கேவிஎம்_இன்டெல் மாட்யூல மாட்ப்ரோப் மைனஸ் ஆர் போட்டு எறக்கி விட்டா அப்போதைக்கு ஓடும், ரீபூட் பண்ணா திரும்ப வந்துரும். நிரந்தரமா வேணும்னா லினக்ஸ பூட் பண்ற க்ரப்போட செட்டிங் ஃபைல்ல 'கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0'னு சேத்து அப்டேட் க்ரப் குடுக்கணும், கேவிஎம்மையும் மொத்தமா தொலைக்க வேண்டியதில்ல, ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட்டாம இருந்தா சரி. இத்தனையும் அவன் காலேஜ் பஸ்ல நின்னுட்டே டைப் பண்ணி அனுப்பினான், டேய் தம்பி, பரீட்சைக்கும் இப்படியே படிடா.

எனக்கு கேட்டா, இந்த மூணாவதுதான் ஆள ரொம்ப ஏமாத்துற எரர், ஏன்னா பாக்குறவங்க எல்லாரும் பயாஸ்ல விடி-எக்ஸ் ஆஃப்ல இருக்குன்னுதான் சொல்றாங்க, போய் பாத்தா ஆன்லதான் இருக்கு.

அப்புறம் ஆடிட்டர் ஆபீஸ் சார். டோக்கன சொருகினா உள்ள இருக்கிற விண்டோஸுக்கு தெரியவே இல்ல, யூஎஸ்பி லிஸ்ட் காலியா இருந்துச்சு. யூசர விபாக்ஸ்யூசர்ஸ் குரூப்ல சேக்கணும், சேத்துட்டு லாக் அவுட் பண்ணி உள்ள வரணும், அவ்வளவுதான்னு டீ குடிச்சிட்டே சொல்லிட்டுப் போனீங்க சார். எக்ஸ்டென்ஷன் பேக்ங்கிற கூடுதல் பேக்கேஜ தேடி அலையாத, விர்ச்சுவல்பாக்ஸ் 7.0லேர்ந்து யூஎஸ்பி 2, 3 ரெண்டும் அடிப்படை பேக்கேஜ்லயே இருக்குன்னு சொன்னதும் நீங்கதான், ஒரு டவுன்லோட் மிச்சம்.

விண்டோஸ் 11க்கு டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப் வேணும்னு கேட்டது, விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ல டிக் பண்ணதும் சரி ஆயிருச்சு, அத யாரு சொன்னீங்கன்னு ஸ்க்ரோல் பண்ணி பாத்தும் கிடைக்கல, மன்னிச்சிருங்க, உங்களுக்கும் நன்றி.

எல்லாரும் சொன்ன கமாண்ட வரிசையா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு வச்சிருக்கேன், யாருக்கு வேணுமோ கேளுங்க அனுப்புறேன். திருச்சி வந்தா மெயின்கார்டுகேட் பக்கம் கடைக்கு வாங்க, டீ நம்ம கணக்கு. சேலத்து அண்ணா, பிரிண்டர் ஒண்ணு மட்டும் இன்னும் உள்ள இருக்கிற விண்டோஸுக்கு தெரியல, லாக் அனுப்பியிருக்கேன், நேரம் கிடைக்கும்போது பாருங்க.