நோட்டீஸ் அடிக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். பில் புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாக்கெட்டில் ஒட்டும் லேபிள் ஆகியவைதான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. புதிதாகக் கடை திறப்பவர்கள் எப்படியும் ஓர் அச்சகத்தின் படி ஏறியாக வேண்டும். அப்படி வருகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருவதால்தான் இதை எழுதத் துணிந்தேன். சிறுதொழில் என்றாலே கடன், மானியம் என்றுதான் எங்கும் பேசுகிறார்கள். கடன் கிடைத்த பிறகு அந்தப் பணத்தை எந்த மாதத்தில், எதற்காக, யாரை நம்பி இறக்குவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. நல்ல கைப்பக்குவமும் உழைப்பும் உள்ளவர்கள் இந்த ஓர் இடத்தில் சறுக்கிக் கடையைப் பூட்டுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அச்சகத்தில் நிற்க இடம் இருக்காது. "அண்ணாச்சி, நாளைக் காலை பேப்பருக்குள் வைக்க வேண்டும், எப்படியாவது அடித்துத் தாருங்கள்" என்பார்கள். அடித்துத் தருகிறோம். ஆனால், அதே நாளில் அதே பேப்பருக்குள் பெரிய ஜவுளிக்கடைகளின் வழவழப்பான வண்ணத் தாள்களும் இருக்கும். அவற்றுக்கு நடுவே, ஆரல்வாய்மொழியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் ஒற்றை வண்ண நோட்டீஸை யார் எடுத்துப் படிப்பார்கள்?

தீபாவளியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் குமரி மாவட்டத்துக்குத் தீபாவளி ஒன்றே சீசன் இல்லை. இவ்வளவு சிறிய மாவட்டத்தில் இத்தனை விதமான காலக்கணக்கு வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகமே. மார்த்தாண்டம், கருங்கல், புதுக்கடைப் பக்கம் துணி, கேக், வண்ண விளக்கு, வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட் எல்லாம் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் நகரும். களியக்காவிளைப் பக்கம் ஓணம் பெரிது. ஓணத்துக்கு முந்தைய நாட்களில் அத்தப்பூக் கோலத்துக்காகத் தோவாளைச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் பூ போகிற வேகம் எல்லோருக்கும் தெரியும். கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும். மண்டைக்காட்டு அம்மன் கோயிலின் மாசிக் கொடை விழாவுக்குப் பத்து நாளும் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி சுமந்து வருகிறார்கள். ரம்ஜான் நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். தக்கலையில் கடை வைத்திருப்பவர் போன ஆண்டுத் தேதியை நம்பிச் சரக்கு எடுக்க முடியாது. இவை போக, ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் ஒரு திருவிழா, ஒவ்வோர் ஊர் அம்மனுக்கும் ஒரு கொடை. கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை மகரவிளக்கு வரை கன்னியாகுமரிக் கடற்கரைக்கு ஐயப்ப பக்தர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

இது திருநாள் கணக்கு. கையில் காசு புழங்கும் கணக்கு வேறு, அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம். சின்னமுட்டத்துப் படகு கடலுக்குப் போகத் தொடங்கும்போது குளச்சல் படகு கரையில் கிடக்கிறது. ஜூன் முதல் வாரத்தில் குளச்சலில் பர்னிச்சர் கடை திறந்துவிட்டு ஆளே வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. அதே கடையை ஆகஸ்டில் திறந்தால், படகு கடலுக்குப் போய்த் திரும்பிய வீடுகளில் காசு இருக்கும். தடைக்கால மாதங்களில் அந்த ஊர்களுக்கு ஏற்றது பழுது பார்க்கும் வேலை, சிறிய அளவுப் பாக்கெட்டுகள், தவணை முறை ஆகியவைதான்.

மலையடிவாரத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் கணக்கே வேறு. அங்கே பலரின் கூலி ரப்பர் பால்வெட்டை நம்பியிருக்கிறது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழை விடாமல் பெய்தால் வெட்டு நின்றுவிடும். தை, மாசியில் இலை உதிரும்போது பாலும் குறையும். வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களைப் பொறுத்தவரை, வளைகுடாப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில் ஊருக்கு வருவார்கள். வீட்டு வேலை, நகை, போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு அது முக்கியமான காலம்.

ஆகவே, கடை நடத்துவோர் ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே, என் வாடிக்கையாளர் கையில் அந்த மாதம் காசு இருக்குமா, எதிலிருந்து வரும் என்று குறியுங்கள். பிறகு விற்பனை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஓணத்துக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் விற்க வேண்டுமானால், ஓணத்துக்குப் பதினைந்து நாள் முன்பாவது கடைகளில் பாக்கெட் தொங்க வேண்டும். அதற்கு முன் லேபிள் தயாராக வேண்டும். லேபிளுக்குப் புரூஃப் பார்த்துத் திருத்தி அச்சிட ஒரு வாரமாவது கொடுங்கள். ஓணம் நெருங்க நெருங்கக் காய் விலை ஏறும் என்பதால், விவசாயியிடம் அதற்கும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இப்படி எண்ணிப் பார்த்தால் ஆவணி வியாபாரத்துக்கான வேலை ஆனியிலேயே தொடங்கிவிடுவது தெரியும்.

அடக்க விலை பற்றியும் சொல்லியாக வேண்டும். எத்தனையோ பேர் லேபிளில் விலை போடும்போது, "பக்கத்துக் கடையில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள்?" என்று என்னிடமே கேட்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் சொந்தக் கட்டடத்தில் இருக்கலாம், அவர் மனைவியும் பிள்ளைகளும் கூலி இல்லாமல் உழைக்கலாம். அவர் விலை உங்களுக்குக் கட்டுமா? பத்துக் கிலோ காய் வாங்கி, உரித்து, சீவி, பொரித்து, ஆறிய பிறகு தராசில் வையுங்கள். எத்தனை கிலோ நின்றது, சட்டியில் எவ்வளவு எண்ணெய் குறைந்தது, எவ்வளவு கேஸ் போனது என்று எழுதுங்கள். பாலித்தீன் கவர், ஸ்டிக்கர், பஸ்ஸில் பார்சல் அனுப்பும் செலவு, நொறுங்கிப் போகும் சரக்கு, வாடகை, மின்கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த பின் உங்கள் சொந்தக் கூலியையும் சேருங்கள். அதை எழுத வெட்கப்படுபவர்கள் அதிகம், குறிப்பாகப் பெண்கள். வீட்டில் இருந்து முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்து கொடுக்கும் அக்காமார் தங்கள் உழைப்பைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. விடிய விடியச் செய்த வேலைக்குக் கூலி இல்லாவிட்டால் அந்த லாபம் லாபமே இல்லை. 2025ஆம் ஆண்டு தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது அடிபட்டவர்களில் பலர், பழைய விலையை லேபிளில் மொத்தமாக அச்சிட்டு வைத்திருந்தவர்கள். விலையும் தேதியும் மாறக்கூடியவை. அவற்றுக்கு இடம் காலியாக விட்டு, சரக்கு போடும் அன்று முத்திரை குத்திக்கொள்வதே நல்லது. ஐயாயிரம் லேபிள் மொத்தமாக அடித்தால் ஒன்றுக்குச் சில பைசா மிச்சமாகும் என்பது உண்மைதான். விலை ஏறினால் அந்தப் பைசாவும் போய்விடும், லேபிளும் வீணாகும்.

அடக்கம் தெரிந்தால்தான் விளம்பரச் செலவு தாங்குமா என்று தெரியும். ஒரு பாக்கெட்டில் எல்லாம் போக 15 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். நோட்டீஸ் அடித்து விநியோகிக்க 6,000 ரூபாய் ஆகிறது. அந்தப் பணம் திரும்பி வரவே 400 பாக்கெட் கூடுதலாக விற்க வேண்டும். விற்குமா என்று உங்களையே கேளுங்கள். தள்ளுபடியும் அப்படித்தான். 80 ரூபாய் அடக்கமுள்ள பொருளை 100 ரூபாய்க்கு விற்பவர் பத்துச் சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், இருபது ரூபாய் லாபம் பத்தாகிவிடும். பழைய லாபத்தைப் பார்க்க இரண்டு மடங்கு விற்க வேண்டும்.

நோட்டீஸ் அடிப்பதென்று முடிவானால் ஒரே நிறத்தில் அடிக்காதீர்கள். தக்கலைக்கு மஞ்சள், மார்த்தாண்டத்துக்கு ரோஸ், நாகர்கோவிலுக்கு வெள்ளைத் தாள் என்று அடித்து, கொண்டுவருபவர்களுக்குச் சிறிய சலுகை தருவதாக அதில் போடுங்கள். எந்த நிறம் எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணினால், அடுத்த முறை எந்த ஊரில் செலவழிப்பது என்று தெரிந்துவிடும். தாளின் நிறத்தை மாற்ற ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. கடைக்கு வருகிறவர்களிடம் "எப்படித் தெரிந்து வந்தீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வைப்பதற்கு அதுவும் தேவையில்லை.

லேபிள் விஷயத்தில் எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் எத்தனையோ நகரங்களில் "நாகர்கோவில் சிப்ஸ்" என்று பலகை வைத்து விற்கிறார்கள். இங்கே நம்மவர்களோ ஊர்ப் பெயரைப் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டுவிட்டு, முன்பக்கத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் ஆங்கிலப் பெயரை வைக்கிறார்கள். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இலும், தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும் நாகர்கோவில் கோயில் நகைகளுக்கும் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அந்தப் பெயர்களைப் பயன்படுத்த, உரிய தயாரிப்பாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். புவிசார் குறியீடு இல்லாத பொருளிலும் ஊரின் பெயரைப் பெரிதாகப் போடலாமே. அதனுடன் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, முழு முகவரி, புகார் சொல்ல வேண்டிய எண், உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை கட்டாயம். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் பெரிய கடைகள் சரக்கை எடுக்காது.

கடனுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. குறு, சிறு நிறுவனமாக ‘உத்யம்’ என்னும் அரசுப் பதிவு செய்த தயாரிப்பாளருக்கும் சேவை செய்பவருக்கும் இது பொருந்தும். வாங்கி விற்கும் வியாபாரிக்குப் பொருந்தாது. பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணம் கிடையாது. சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிந்து, பில்லில் அந்த எண்ணையும் போட்டுவிடுவது நல்லது. பில் புத்தகம் அடிக்க வருகிறவர்களிடம் நான் இதைக் கேட்காமல் விடுவதில்லை.

செல்போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கே தெரியும். கூகுள் மேப்பில் கடை சரியான இடத்தில் இருக்கிறதா, திறக்கும் நேரம் சரியா என்று பாருங்கள். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே பில் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

ஐயா, தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும், வரப்போகும் மூன்று மாதத்தின் கோயில் கொடைகள், பங்குத் திருவிழாக்கள், தர்கா விழாக்கள், உள்ளூர் விடுமுறைகள், மீன்பிடித் தடை நாட்கள் ஆகியவற்றை மாவட்டப் பக்கத்தில் ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும். கோயில் நிர்வாகங்களும் பங்குப் பேரவைகளும் ஜமாஅத்துகளும் தேதியை முன்கூட்டியே தங்கள் நிருபர்களிடம் தந்துவிட்டால் இது பெரிய வேலையாக இருக்காது. வியாபாரிகள் சங்கங்களும் அந்தப் பட்டியலை வெட்டி எடுத்துத் தங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டிவைக்கலாம். மாவட்டத் தொழில் மையம் நடத்தும் பயிற்சிகளில் அடக்க விலை போடுவதற்கென்று ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். அதை நாகர்கோவிலோடு நிறுத்திவிடாமல் குளச்சலிலும் குலசேகரத்திலும் நடத்த வேண்டும். குளச்சலுக்குத் தடைக்கால மாதமான ஜூலையும், குலசேகரத்துக்கு வெட்டு குறைந்த மாசியும் தோதாக இருக்கும். அப்போது அந்த ஊர்க்காரர்களுக்கு வந்து உட்கார நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
வடசேரி, நாகர்கோவில்.