அந்தக் கல்லில் இருப்பவர் மடத்துச் சகோதரர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஐரோப்பிய மடங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதில் இருந்த கல்லறைப் பலகையின் படத்துக்குக் கீழே 'மடத்தில் உழைத்த சகோதரர்' என்று அச்சாகியிருக்கிறது. அது தவறு. அந்தக் கல் பிரான்சின் ரைம்ஸ் நகரத்து யூக் லிபர்ஜியே என்பவருடையது. அவர் மடத்துச் சகோதரர் அல்ல, செயின்ட் நிக்கேஸ் மடத்துக் கோயிலைக் கட்டிய தலைமைக் கட்டடக் கலைஞர்.

கல்லே அதைச் சொல்கிறது. 1229இல் ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை கோயிலைத் தொடங்கினார், 1263இல் ஈஸ்டருக்குப் பின் வந்த சனிக்கிழமை இறந்தார் என்று விளிம்பில் வெட்டியிருக்கிறது. பெயருக்கு முன்னால் 'மேஸ்திரி' என்பதற்கு நிகரான பட்டமும் உண்டு. கல்லில் செதுக்கிய அவர் உருவத்தின் ஒரு கையில் தான் கட்டிய கோயிலின் சின்ன உருவம், மறுகையில் முழக்கோல், அதாவது அளக்கும் கோல். பக்கத்தில் மூலைமட்டமும் கவராயமும். என் அப்பா கொத்தனார். மூலைமட்டத்தைத் தரையில் போட விடமாட்டார், சுவரில் ஆணி அடித்து மாட்டுவார். அதனால் அந்தக் கல்லில் என் கண் முதலில் போன இடம் அதுதான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு செயின்ட் நிக்கேஸை இடித்துவிட்டார்கள். கல் மட்டும் தப்பி, இன்று ரைம்ஸ் பேராலயத்தில் இருக்கிறது.

சரி, பெயர் மாறியதற்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று கேட்கலாம். அந்தத் தவறால் உண்மையான சகோதரர்கள் கட்டுரையிலிருந்தே காணாமல் போய்விட்டார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

12ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடங்களில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். பாடகர் குழாமில் நின்று லத்தீனில் ஜெபம் சொல்லும் துறவிகள் ஒரு வகை. ஏர் ஓட்டி, ஆடு மேய்த்து, கல் சுமந்து மடத்தைத் தாங்கிய சகோதரர்கள் இன்னொரு வகை. இவர்களும் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுத்தவர்கள்தான். ஆனால் புத்தகம் வைத்துக்கொள்ளக் கூடாது. 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே', விசுவாச அறிக்கை, பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு பாடல், இவற்றை மட்டும் மனப்பாடமாகக் கற்கலாம். துறவியாக மேலே போகவும் வழி இல்லை. தூரத்துப் பண்ணைகளில் தங்கி வேலை செய்துவிட்டு, ஞாயிறும் திருநாளும் மடத்துக்கு வருவார்கள். இங்கிலாந்தின் ரீவோ மடத்தில் ஏல்ரெட் தலைவராக இருந்தபோது துறவிகள் 140 பேர், சகோதரர்களும் வேலையாட்களும் சேர்ந்து 500 பேர் என்று அவர் சீடர் எழுதிவைத்திருக்கிறார். திருநாளில் கோயில் தேன்கூடு மாதிரி நிறைந்திருக்குமாம்.

போன வருடம் மகன் வீட்டுக்குப் போனபோது, யார்க்ஷயரில் 1132இல் தொடங்கிய ஃபவுன்டன்ஸ் மடத்தைப் பார்த்தேன். சகோதரர்கள் இருந்த கட்டடம் ஏறக்குறைய 300 அடி நீளம். கீழே சாப்பாட்டுக் கூடமும் சரக்கறையும், மேலே படுக்கும் இடம். உள்ளே நடுவில் ஒரே வரிசையாகத் தூண்கள். ஒவ்வொரு தூணும் மேலே போய்க் கிளை விரிப்பது போல வளைவுகளாகப் பிரிகிறது. கூரை போன மேல்மாடியில் வெறும் வானம். அங்கே படுத்து எழுந்த ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் வெகுநேரம் நின்றேன். கட்டடத்தின் அளவைப் பார்த்தாலே எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று புரிந்துவிடும்.

பெயர் நிலைத்த சகோதரர் ஒருவரும் உண்டு. ஜெர்மனியின் பேபன்ஹவுசன் மடத்துக் கோயிலின் கல் கோபுரத்தை 1407 முதல் 1409 வரை எழுப்பியவர் ஸேலம் மடத்துச் சகோதரர் கியோர்க். இந்த ஸேலம் நம்ம ஊர் சேலம் இல்லை, தெற்கு ஜெர்மனியில் இருப்பது. கல்லை லேஸ் துணி போலத் துளைத்த வேலை அது. கட்டுரையில் அவர் கோபுரத்தின் படத்தைப் போட்டிருந்தால், கீழே அச்சான 'சகோதரர்' என்ற குறிப்பும் சரியாகப் பொருந்தியிருக்கும்.

அடுத்த இதழில் திருத்தம் ஒன்று போடுங்கள். அப்புறம், இடம் இருந்தால் ஃபவுன்டன்ஸ் கூடத்தின் படத்தையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி