வின்னிபெக்கிலிருந்து அப்பாவுக்கு: பிளாஸ்டிக் ஜன்னல் விவகாரம்

வின்னிபெக், கனடா
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் நலமும், அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல்.

மாடிக்கு யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஜன்னல் போடத் தம்பி வாங்கிய கொட்டேஷனை எனக்கும் அனுப்பியிருந்தான். அதைப் பார்த்துவிட்டு "பிளாஸ்டிக் டப்பாவுக்கு இவ்வளவு விலையா, என் வீட்டுச் சுவரில் இது ஏறாது" என்று நீங்கள் சத்தம் போட்டதும், அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனதும் அம்மா சொல்லித் தெரிந்தது. போனில் விளக்கலாம் என்றால் உங்கள் காதில் பாதிதான் விழும், மீதியை அம்மா தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்வாள். அதனால் எழுதுகிறேன். காலையிலிருந்து மாலைவரை நான் இங்கே செய்வதே அந்த டப்பாவைத்தான் என்பதால், இதில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். எங்கள் தொழிற்சாலையில் மரத்தூள் வாசனை கிடையாது. இழைப்புளி கிடையாது. முழு ஜன்னலை ஒரே ஆள் செய்வதும் கிடையாது. ஒருவர் அறுப்பார், ஒருவர் மூலை ஒட்டுவார், ஒருவர் கீலும் பூட்டும் மாட்டுவார், நான் கண்ணாடிப் பக்கம். பர்மா தேக்கில் ஒரு நிலையைச் செய்து நிறுத்திவிட்டு நீங்கள் உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்ப்பீர்களே, அந்தச் சுகம் இங்கே யாருக்கும் வாய்க்காது. எனக்கு அது குறைதான்.

ஆனால் வேலை டப்பா வேலை இல்லை. சட்டத்துக்கு இங்கே புரொஃபைல் என்று பெயர். வெளியே ஒரே வெள்ளைக் கட்டை மாதிரி தெரியும். குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருக்கும். அடைபட்டுக் கிடக்கும் காற்று சூட்டை லேசில் கடத்தாது, அதற்காக. பெரிய ஜன்னல் என்றால் நடு அறையில் துத்தநாகம் பூசிய இரும்பைச் செருகுவார்கள், சட்டம் காற்றுக்கு வளையாமல் நிற்க. தம்பியின் கொட்டேஷனில் இந்த இரும்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்கச் சொல்லுங்கள். அதன் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

மூலைக்குத் துளையும் இல்லை, மர ஆணியும் இல்லை. இரண்டு முனைகளையும் 45 டிகிரியில் அறுத்து, 240 டிகிரிக்குச் சூடேறிய தகட்டில் இயந்திரம் அழுத்தும். உருகியதும் தகடு விலகிக்கொள்ளும், முனைகள் ஒன்றோடொன்று அழுந்தி ஒரே சட்டமாகிவிடும். உருகிப் போவதற்கென்றே முனைக்கு ஏறத்தாழ ஒரு நூல் கூட்டி அறுப்பார்கள். ஆமாம், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான அதே நூல் கணக்குதான். அரசாங்கக் கணக்கு மீட்டராக இருந்தாலும் எங்கள் பட்டறைக்குள் அங்குலம்தான் ஓடுகிறது. டேப்பில் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குவரை படித்துச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள் அந்தப் பின்னத்தில் திணறுவார்கள். எனக்கு அது அரை நூல், அவ்வளவுதான்.

நிற்கிற சட்டம் பிரேம், ஆடுகிற சட்டம் சாஷ். பிரேமில் மேல் கட்டை ஹெட், பக்கக் கட்டைகள் ஜாம், கீழ்க் கட்டை சில். நடுவில் செங்குத்தாகப் பிரித்தால் மல்லியன், படுக்கையாகப் பிரித்தால் டிரான்சம். வேலைச் சீட்டில் படத்துக்குப் பக்கத்தில் "ஓஎக்ஸ்" என்று போட்டிருக்கும். ஓ என்றால் அசையாத பக்கம், எக்ஸ் என்றால் திறக்கிற பக்கம், வெளியே நின்று பார்த்து இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். உள்ளே நின்று படித்தால் ஜன்னல் கண்ணாடி பிம்பம் போலத் திரும்பிவிடும். தம்பி ஆர்டர் கொடுக்கும்போது எந்தப் பக்கமிருந்து பார்த்த படம் என்று சீட்டிலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள். மேஸ்திரி ஒன்று நினைப்பார், கடைக்காரர் ஒன்று நினைப்பார்.

இப்போது நீங்கள் ரசிக்கக்கூடிய ஒரு விஷயம். ஐப்பசி அடைமழையில் கதவு இறுகும், சித்திரையில் தளரும் என்பது உங்களுக்குத் தெரியாததா. மரம் ஈரத்துக்கு அகலவாக்கில் உப்பும், நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பிளாஸ்டிக் இதற்கு நேர்மாறு. ஈரத்தைச் சட்டையே செய்யாது, சூட்டுக்கு நீளவாக்கில் நீளும். இங்கே ஜனவரியில் மைனஸ் 30 வரும், ஜூலையில் 30ஐத் தொடும். அந்த வித்தியாசத்துக்கு ஐந்தடிச் சட்டம் 2 நூல்வரை நீண்டு சுருங்கக்கூடும். அதனால் சுவரில் விடும் திறப்பு ஜன்னலைவிடச் சுற்றிலும் சற்றுப் பெரிதாக இருக்கும். மெல்லிய ஆப்புச் சில்லுகளை வைத்து ரசமட்டம் பார்த்து நிறுத்தி, இடுக்கில் அதிகம் உப்பாத நுரையை அடிப்பார்கள். நம்மூர்க் கொத்தனார் மர நிலையைச் சிமென்ட் வைத்து இறுக்கிப் பழகியவர். இதையும் அப்படியே இறுக்கினால் அடுத்த கோடையில் சட்டம் நீள இடமில்லாமல் நடுவில் பிதுங்கும், தாழ்ப்பாள் சேராது. பழி பிளாஸ்டிக் மேல் விழும். தேக்கு நிறத்தில் படலம் ஒட்டிய சட்டம் உங்களுக்காகத்தான் போட்டிருக்கிறானாம். வேண்டாம், வெள்ளையே இருக்கட்டும். அடர்ந்த நிறம் காரைக்குடி வெயிலில் இன்னும் அதிகமாகச் சூடேறும், அதிகமாக நீளும்.

கண்ணாடிக்கு வருகிறேன். ஒரு கண்ணாடித் தகட்டை இங்கே லைட் என்பார்கள். நாங்கள் அதை அறுப்பதில்லை. எண்ணெய் தடவிய சின்னச் சக்கரத்தால் ஒரு கீறல் போட்டு, கீறலோடு ஒடிக்கிறோம். நல்ல கீறல் என்றால் ஓடும்போது ஒரே சீரான சத்தம் வரும். கரகரத்தால் ஒடிவதும் கோணலாகத்தான் ஒடியும். கொட்டேஷனில் "இம்போர்ட்டட் கிளாஸ்" என்று தனியாக விலை ஏற்றியிருக்கிறார்கள், பார்த்தீர்களா? உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமனாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 1959ல் அறிவித்தது. இன்று ஜன்னல் கண்ணாடி எங்கே வார்த்தாலும் பெரும்பாலும் அந்த முறைதான். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் 2000லிருந்து அதைத்தான் செய்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் வார்க்கிற கண்ணாடி போதும், அந்தப் பணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

நான் நிற்கிற வரிசையில் செய்வது சீல்டு யூனிட். இரண்டு அல்லது மூன்று லைட்டை அரை அங்குலம் போல இடைவெளி விட்டு நிறுத்தி, ஓரம் முழுக்க ஸ்பேசர் என்ற பட்டையைச் சுற்ற வேண்டும். பட்டைக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொடி மணிகள். பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பியூட்டில் என்ற கருப்புப் பசை, அது ஈரத்தை மறிக்க. அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு பசையோ சிலிகோன் பசையோ, அது எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க. அப்புறம் கீழ்த் துளை வழியாக ஆர்கான் வாயுவை விடுவோம். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது இருக்கிறது. காற்றைவிடக் கனமானது, சூட்டைக் கடத்துவது காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான். அது கீழே நிறைய நிறையப் பழைய காற்று மேல் துளை வழியாக வெளியேறும். மீட்டர் 90 சதவீதத்தைத் தாண்டியதும் துளைகளை அடைத்துவிடுவேன். ஓரத்தில் ஒரு விரல் அழுக்கு இருந்தாலும் பியூட்டில் அங்கே பிடிக்காது, சில வருடத்தில் ஈரம் புகுந்து நடுவில் மூட்டம் போட்டுவிடும். அதைத் துடைக்க வழியே இல்லை, யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான். என்னிடம் உள்ளே வெற்றிடம் என்று சொன்ன ஆட்களும் உண்டு. இந்த மாதிரி யூனிட்டில் வெற்றிடம் வைத்தால் வெளிக்காற்று இரண்டு பக்கமும் அழுத்திக் கண்ணாடியை நொறுக்கிவிடும்.

இதில் இன்னொரு சூட்சுமம் வெள்ளிப் பூச்சு. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது, லோ-இ என்பார்கள். கண்ணாடி முகங்களுக்கு எண் உண்டு: தெருப்பக்க முகம் 1, அதன் முதுகு 2, இடைவெளி தாண்டினால் 3, அறைப் பக்கம் 4. குளிர் தேசத்தில் இரட்டைக் கண்ணாடியின் பூச்சை 3ல் வைப்பது வழக்கம், வெயில் உள்ளே வரட்டும், அறைச் சூடு மட்டும் வெளியே போக வேண்டாம் என்று. நம்மூருக்கு 2, சூடு இடைவெளியைத் தாண்டுமுன்பே திரும்பிப் போக. எந்த முகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு லைட்டர் போதும். அறைக்குள் நின்று சுடரைக் கண்ணாடிக்கு அருகே கொஞ்சம் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், முகத்துக்கு ஒன்றாக நான்கு சுடர் தெரியும். மூன்று ஒரே நிறமாக இருக்கும், ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரியும். உங்கள் பக்கத்துச் சுடரை 4 என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால் தெரிந்துவிடும். இந்தப் பரிசோதனையைக் கடைக்காரர் முன்னால் செய்தாலே மரியாதை கூடும்.

சரி, இதெல்லாம் இங்கே எதற்கு? நான் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் ரசம் கொதித்தால் போதும், ஜன்னலின் அடிவரிசையில் ஈரம் கோத்துக்கொள்ளும், விடிவதற்குள் அது பனிக்கட்டியாகிவிடும். அந்தக் காலத்து ஸ்பேசர் அலுமினியம், ஓரத்துக் குளிரை நேராக உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. குளிர்காலத்தில் நம் ஆட்கள் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை, ஜன்னலே சொல்லும். புது ஜன்னல்களில் யு மதிப்பு என்று ஒட்டியிருக்கும், சூடு எவ்வளவு ஒழுகுகிறது என்பதன் அளவு, குறைந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு 6 பக்கம் வரும். இங்கே எரிசக்தியை மிச்சப்படுத்தும் பொருளுக்குத் தருகிற எனர்ஜி ஸ்டார் முத்திரைக்கு 2020லிருந்து 1.22க்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலின் சூட்டையும் சேர்த்துப் பார்க்கிற வேறொரு கணக்கில் 34 எட்ட வேண்டும்.

அம்மா ஒவ்வொரு போனிலும் "கம்பி இல்லாத ஜன்னலுக்குப் பக்கத்தில் எப்படித்தான் தூங்குகிறாயோ" என்கிறாள். அவளிடம் சொல்லுங்கள்: இங்கே திருடனைவிடத் தீக்குத்தான் பயம், வீடெல்லாம் மரம். படுக்கையறை ஜன்னல் ஆள் வெளியேறும் அளவுக்குத் திறக்க வேண்டும் என்பது கட்டடச் சட்டம். திறப்பு 0.35 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 380 மில்லிக்குக் குறையக் கூடாது, அதாவது 15 அங்குலம். கம்பி போட்டாலும் சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஜன்னல் மாட்டும்போது மறக்கக் கூடாத இரண்டு விஷயங்களைத் தம்பிக்கும் காட்டுங்கள். நீங்கள் பீடிங் அடித்து மக்கு வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் புகாமல் அடைப்பீர்கள். இங்கே தண்ணீர் எப்படியும் புகும் என்று வைத்துக்கொண்டே சட்டத்தைச் செய்கிறார்கள். புகுந்தது வெளியேற சில் கட்டையின் வெளிப்புறத்தில் நீளவாட்டில் துளைகள் இருக்கும். பெயின்டர் அதைப் பார்த்தால் ஓட்டை என்று நினைத்துப் பட்டி வைத்து அடைத்துவிடுவார். விடாதீர்கள். அடுத்தது, கண்ணாடி சட்டத்தின் மேல் நேரடியாக உட்காரக் கூடாது. அசையாத ஜன்னல் என்றால் அகலத்தை நாலாகப் பிரித்து, இரண்டு ஓரத்திலிருந்தும் கால் பங்கு தள்ளி ஒரு ரப்பர் கட்டை, அந்த இரண்டின் மேல்தான் முழுக் கனமும். பக்கவாட்டில் திறக்கிற சாஷ் என்றால் கீல் பக்கத்துக் கீழ் மூலையிலும் அதற்கு எதிர்க்கோணத்து மேல் மூலையிலும் கட்டை வேண்டும். அது சில மாதத்தில் தொங்கிப்போகிறது என்றால் பெரும்பாலும் இந்தக் கட்டை இல்லை, அல்லது இடம் மாறி இருக்கிறது.

இவ்வளவும் சொன்னபிறகு தம்பிக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். ஏசி இல்லாத அறைக்கு இரட்டைக் கண்ணாடி வீண் செலவு. திறந்தே கிடக்கப் போகிற ஜன்னலில் ஆர்கான் எதற்கு? வடக்குப் பக்கத்து ஏசி அறைக்கு மட்டும் போடட்டும். ஸ்லைடிங்கும் வேண்டாம், பாதிதான் திறக்கும், பள்ளத்தில் புழுதி சேரும். நீங்கள் இத்தனை காலம் செய்த மாதிரி வெளியே முழுசாகத் திறக்கிற கேஸ்மென்ட், ஒற்றைக் கண்ணாடி, மேலே நல்ல அகலத்தில் சன்ஷேடு. பால்கனிக் கதவுக்கு மட்டும் டஃபன்டு என்கிற கடினமாக்கிய கண்ணாடி கட்டாயம், மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூளையில் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தபிறகு அதை அறுக்கவோ துளைக்கவோ முடியாது, அதனால் அளவை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

மாடி நிலைக்கதவு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி. இங்கே வாசல் கதவு என்பது இரண்டு பக்கமும் இரும்புத் தகடு, நடுவே நுரை. குளிருக்கு அது சரிதான், தட்டினால் எழும் சத்தம் மட்டும் நீங்கள் சொன்ன டப்பாவேதான். கதவு உங்கள் கையால் மரத்திலேயே இருக்கட்டும், மரத்துக்கான பணத்தை நான் இந்த மாதம் அனுப்புகிறேன். ஜன்னலைத் தம்பியிடம் விட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அதற்குள் அவனிடம் பேசிவிடுங்கள், கொட்டேஷனை மாற்றி வாங்க நாள் ஆகும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்