விட்சர் விரிவாக்கங்களை வாங்கலாமா? முருகேசனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வாக்கர் இல்லாமலே சமையலறை வரை போகிறார் என்று படித்ததில் நிம்மதி. அவரைச் சும்மா உட்கார வைப்பதுதான் உனக்குப் பெரிய வேலையாக இருக்கும். கேட்டதாகச் சொல்.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவி சத்தமே கூடாது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் படித்து முடித்துத் தூங்கப் போன பிறகுதான் கம்ப்யூட்டரைத் திறக்கிறேன். ஆபீசில் புதிய மேனேஜர் வந்திருக்கிறார். அவரைப் பற்றி நேரில் சொல்கிறேன், எழுத்தில் வேண்டாம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். விட்சர் 3 கம்ப்யூட்டர் விளையாட்டு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் தனியாக விற்கும் கூடுதல் கதைகளாக இரண்டு விரிவாக்கங்கள் இருக்கின்றன, வாங்கலாமா, இல்லை இதெல்லாம் காசு பிடுங்கும் வேலையா என்று கேட்டிருந்தாய். அந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. ஆனால் 'டிஎல்சி' (விளையாட்டோடு சேர்க்கத் தனியாகத் தரவிறக்கும் இணைப்பு) என்றாலே உனக்கு வரும் சந்தேகம் நியாயமானது. அதை விட்டுவிடாதே.

அந்தச் சந்தேகத்துக்கு வித்திட்டது ஒரு குதிரை. 2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் ஒப்லிவியன் விளையாட்டுக்குக் குதிரைக் கவசம் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றது. உன் குதிரை தங்கப் பளபளப்போடு ஓடும், அவ்வளவுதான். கதை இல்லை, புது இடம் இல்லை. உலகம் முழுக்கச் சிரித்தார்கள், திட்டினார்கள், வாங்கவும் செய்தார்கள். 2009இல் ஏப்ரல் முட்டாள்கள் தினத்தன்று மற்ற இணைப்புகளையெல்லாம் பாதி விலைக்குத் தந்துவிட்டு, இந்தக் கவசத்தின் விலையை மட்டும் இரண்டு மடங்காக்கி அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொண்டார்கள். 2025இல் அதே விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது, கூடுதல் விலைப் பதிப்பில் மறுபடியும் குதிரைக் கவசம்! வெட்கப்பட்டுக்கொண்டே கல்லாவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதே நிறுவனம், அதே விளையாட்டுக்கு, 2007இலேயே 'ஷிவரிங் ஐல்ஸ்' என்ற விரிவாக்கத்தைக் கொண்டுவந்தது. விரிகுடா நடுவில் ஒரு தீவு, அதில் ஒரு விசித்திர வாசல். உள்ளே போனால் பைத்தியத்தின் கடவுளான ஷியோகராத்தின் நாடு. பாதி நாடு கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள், மறு பாதி இருண்ட சதுப்பு. ஒரு பாதியில் ஜனங்கள் குதூகலத்தில் கிறுக்குப் பிடித்தவர்கள், இன்னொன்றில் சந்தேகத்தில் கிறுக்குப் பிடித்தவர்கள். ஒப்லிவியன் மூல விளையாட்டில் இருந்த பச்சைப் புல்வெளியும் கல்கோட்டையும் எனக்கு அலுத்துப்போயிருந்தன. எழுதியவர்களுக்கும் அலுத்திருக்க வேண்டும் என்று இந்தத் தீவைப் பார்த்தபோது தோன்றியது. பெரிய விளையாட்டில் எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று அடக்கி வாசித்தவர்கள், இதில் கட்டவிழ்த்துவிட்டார்கள். ஆக, ஒரே கடையில் தகரமும் கிடைக்கும், தங்கமும் கிடைக்கும். கடைப் பெயரைப் பார்த்து வாங்க முடியாது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது குதிரைக் கவசத்தின் மேல் இல்லை. அது வேண்டாம் என்றால் வேண்டாம், விளையாட்டில் ஒன்றும் குறையப்போவதில்லை. கோபம் வருவது டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் மேல். 2009இல் வந்தது, நீ விளையாடியதில்லை என்று நினைக்கிறேன். நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு உன் ஆட்களோடு முகாமுக்குத் திரும்புவாய். அங்கே ஒருவன் நின்றுகொண்டு, என் முன்னோரின் கோட்டையில் பெரிய மர்மம் இருக்கிறது, உதவுங்கள் ஐயா என்று உருக்கமாகக் கதை சொல்வான். சரி வருகிறேன் என்று நீ சொல்லப்போகும் இடத்தில், இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று திரை சொல்லும். கதைக்குள்ளேயே ஒரு விற்பனைப் பிரதிநிதி! அதைவிடக் கொடுமை, கூடுதல் ஆயுதங்களைப் போட்டு வைக்க ஒரு பெட்டி வேண்டுமே, அது மூல விளையாட்டில் கிடையாது. பணம் கட்டிப் போகும் அந்தக் கோட்டையில்தான் இருந்தது. வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, அலமாரிச் சாவிக்குத் தனிக் காசு கேட்கிற மாதிரி.

அதே வரிசையில் மூன்றாவதாக வந்த இன்குவிசிஷனிலும் ஒரு சிக்கல். மூல விளையாட்டு 2014 நவம்பரில் வந்தது. அதற்கு 'டிரெஸ்பாஸர்' என்று ஒரு விரிவாக்கம் 2015 செப்டம்பரில் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறார்கள், அந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஆனால் அதை விரிவாக்கம் என்று சொல்ல மனசு வரவில்லை. கதையின் உண்மையான முடிவே அங்கேதான் இருக்கிறது. மூல விளையாட்டை மட்டும் முடித்தவனுக்கு, யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதே சரியாகத் தெரியாது. அது மட்டுமில்லை, மூல விளையாட்டு வந்திருந்த பழைய கன்சோல்களில் (டிவியில் மாட்டி விளையாடும் கருவிகளில்) டிரெஸ்பாஸர் வரவே இல்லை. அந்தக் கன்சோலில் காசு கொடுத்து வாங்கியவன் நிலைமையை யோசித்துப் பார். நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, நியாயமாக விற்றார்களா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் ஜனங்கள் சண்டை போடுகிறார்கள்.

இப்போது உன் விட்சர். அதைச் செய்த போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட், 2015 மே மாதம் மூல விளையாட்டை வெளியிட்டதிலிருந்தே, பதினாறு சின்னச் சின்ன இணைப்புகளை ஒவ்வொன்றாக இலவசமாகக் கொடுத்தார்கள். புது உடை, புது முடியலங்காரம், ஓரிரண்டு சின்னக் கதைகள், எல்லாம் அதில் அடக்கம். மற்றவர்கள் விற்கிற பொருள் இவை. காசு கேட்டது இரண்டே இரண்டுக்குத்தான். 2015 அக்டோபரில் 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்', பத்து டாலர். 2016 மே கடைசியில் 'பிளட் அண்ட் வைன்', இருபது டாலர். மூல விளையாட்டிலிருந்து எதையும் பிய்த்து எடுக்கவில்லை. நாயகன் கெரால்ட் தன் வளர்ப்பு மகள் சிரியைத் தேடும் கதை அதன் முடிவோடு முழுசாக உன் கையில் இருக்கிறது. இரண்டையும் வாங்காமல் விட்டாலும் யாரும் உன்னை ஏமாற்றியதாக ஆகாது. ஆனாலும் வாங்கு என்கிறேன்.

முதலில் சின்னதைச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டில் எனக்கு உசத்தி அதுதான். நீ ஆட்டத்தை ஆரம்பித்தபோது வெள்ளைத்தோட்டத்துச் சத்திரத்தில் ஒரு மொட்டைத்தலை வியாபாரி, கெரால்டின் காதலி யென்னிஃபரைப் பற்றித் தகவல் சொல்லிவிட்டுப் போவானே, ஞாபகம் இருக்கிறதா? பெயர் கான்டர் ஓடிம். அப்போது யாரும் அவனைக் கண்டுகொள்ள மாட்டோம். ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனில் கெரால்ட் ஒரு கப்பலில் கைதியாகக் கிடக்கும்போது அதே ஆள் வந்து நிற்பான். அவன் யார் என்று புரியப் புரிய, அந்தச் சத்திரத்துக் காட்சியே வேறு மாதிரி தெரியும். ஓர் இடத்தில் மொத்த விடுதியும் கால ஓட்டம் நின்றுபோய் உறைந்திருக்கும்போது, அவன் ஒரு மரக்கரண்டியைக் கையில் எடுப்பான். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ராத்திரி தனியாக விளையாடாதே.

போலந்து நாட்டில் பான் ட்வர்டோவ்ஸ்கி என்று ஒரு பழங்கதை உண்டு. சாத்தானோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, வார்த்தை ஜாலத்தால் தப்பிக்கப் பார்க்கும் பிரபுவின் கதை. அந்த எலும்புக்கூட்டின் மேல்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள். போலந்துக்காரர்கள் தங்கள் ஊர்க் கதையைத் தாங்களே சொல்கிறார்கள் என்பது ஒவ்வொரு இடத்திலும் தெரிகிறது. முக்கியமாக அந்தக் கிராமத்துக் கல்யாணத்தில். செத்துப்போன ஒரு ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையின் ஆவி கெரால்டின் உடம்பில் ஏறிக்கொண்டு கல்யாண வீட்டில் கூத்தடிக்கும். பன்றி பிடிக்கும் போட்டி, குளத்தில் விழுந்த செருப்பை மூழ்கி எடுப்பது, பழைய தோழி ஷானியோடு ஆட்டம். நூறு மணி நேரம் முகத்தை உம்மென்று வைத்திருந்த மனுஷன், பெண்களிடம் வழிந்து வழிந்து பேசுகிறான். நான் வாய்விட்டுச் சிரித்து, பெரியவள் எழுந்து வந்து முறைத்துவிட்டுப் போனாள்.

இதெல்லாம் மூல விளையாட்டில் ஏன் முடியவில்லை என்று யோசித்தேன். அங்கே கெரால்டுக்கு எப்போதும் தலைபோகிற அவசரம். மகள் மாதிரி வளர்த்தவள் ஆபத்தில் இருக்கிறாள், இவன் சீட்டாடிக்கொண்டிருந்தால் நமக்கே உறுத்துகிறது. விரிவாக்கத்தில் அந்தப் பாரம் இல்லை. உலகம் அழியப்போவதில்லை. ஒரே ஒருத்தனின் ஆத்மா, மூன்று கோரிக்கைகள், ஒரு கடன். கதையை எழுதியவர்களும் அதற்குள் அந்த உலகத்தை நன்றாகப் பழகிவிட்டார்கள், எது நமக்குப் பிடித்தது, எது அலுத்தது என்று தெரிந்துவிட்டது. தேவையில்லாத சதை ஒரு துண்டுகூட இல்லை.

அப்புறம் நம் வயசு. கல்லூரியில் இருந்தபோது மணிக்கணக்கைப் பார்த்துத்தான் எதையும் மதிப்பிடுவோம். இத்தனை ரூபாய்க்கு இத்தனை மணி நேரம், லாபமா நஷ்டமா என்று. இப்போது என்னிடம் ரூபாய் கொஞ்சம் இருக்கிறது, நேரம்தான் இல்லை. நூறு மணி நேர விளையாட்டு என்று அட்டையில் போட்டிருந்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் பத்து மணி நேரம்தான். வாரக் கடைசிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஆடினாலும் மறப்பதற்குள் முடிந்துவிடும். ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் ஞாபகத்தில் இருக்கும். குடும்பஸ்தனுக்கு ஏற்ற அளவு விரிவாக்கம்தான் என்று ஒரு கட்சியே தொடங்கலாம் போலிருக்கிறது.

பிளட் அண்ட் வைன் அப்படியில்லை, பெரியது. துஸாண்ட் என்று ஒரு புது நாட்டையே கொடுக்கிறார்கள். வெயில், திராட்சைத் தோட்டங்கள், சபதம் போட்டுக்கொண்டு சண்டைக்கு அலையும் வீரர்கள். 2016இல் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த ரோல்பிளேயிங் (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும்) விளையாட்டு விருதே இதற்குத்தான் கொடுத்தார்கள், முழு விளையாட்டுகளோடு போட்டி போட்டு வாங்கியது. கெரால்டுக்குக் கடைசியில் ஒரு சொந்த வீடு கிடைக்கிறது, தோட்டத்தோடு. மையக் கதையில் நடுவே கொஞ்சம் தொய்வு என்பது என் எண்ணம். ஆனால் ஓரக்கதைகள் அபாரம். ஒரு வங்கியில் கெரால்டின் பெயரில் பணம் இருக்கும், எடுக்கப் போனால் நீங்கள் செத்துவிட்டதாகப் பதிவு இருக்கிறது என்பார்கள். உயிரோடு இருப்பதாக நிரூபிக்க ஒரு படிவம், அதற்கு இந்தக் கவுன்டர், அந்தக் கவுன்டர், இடையில் சாப்பாட்டு இடைவேளை. உன் அப்பா பென்ஷனுக்கு வருடா வருடம் ஆயுள் சான்றிதழோடு அலைந்தது நினைவுக்கு வரும். அரக்கர்களை வெட்டிச் சாய்த்தவன் படிவத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கிறான்.

பெரிய விரிவாக்கம் எல்லாமே இப்படி இருக்கும் என்று நினைத்துவிடாதே. உன் மச்சான் எல்டன் ரிங் என்ற வேறொரு விளையாட்டின் விரிவாக்கத்தைப் பரிந்துரைத்தார் என்று எழுதியிருந்தாய். 2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ, நாற்பது டாலர். அருமையான படைப்பு, மறுக்கவில்லை. ஆனால் மூல விளையாட்டில் ரடான், மோக் என்ற இரண்டு பெரிய எதிரிகளைச் சாய்க்காமல் உள்ளே விடவே மாட்டார்கள். மோக் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு பாடு. உள்ளே போன பிறகும், நீ சேர்த்து வைத்த லெவல் எல்லாம் பாதிதான் செல்லும், அங்கே கிடக்கும் துண்டுகளைத் தேடித் தேடிப் பொறுக்கினால்தான் பலம் ஏறும். மூல விளையாட்டையே உயிராக நேசித்தவர்களுக்கு அது விருந்து. நீ முதல் பெரிய எதிரியிடமே அடி வாங்கிவிட்டு எனக்கு போன் போட்டுப் புலம்பியவன். மச்சான் பேச்சைக் கேட்காதே.

இன்னொரு வகையும் இருக்கிறது. பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டைச் செய்த லாரியன் நிறுவனம், 2024 மார்ச்சில் விரிவாக்கமே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். விற்ற வேகத்துக்கு எதைப் போட்டாலும் வாங்கியிருப்பார்கள், நான் உட்பட. அதன் பிறகும் 2025 ஏப்ரலில் பன்னிரண்டு புது உபவகுப்புகளை (பாத்திரங்களுக்கான சிறப்புத் திறன் பிரிவுகளை) இலவசமாகச் சேர்த்தார்கள். சொல்ல வேறு கதை இல்லையென்றால் நிறுத்திக்கொள்வதும் ஒரு மரியாதைதான்.

நீ செய்ய வேண்டியது: முதலில் மூலக் கதையை முடி. பிறகு ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், அதற்கப்புறம்தான் பிளட் அண்ட் வைன். வரிசையை மாற்றாதே. துஸாண்டைப் பார்த்த கண்ணுக்கு மறுபடி பழைய சேற்று ஊர்கள் பிடிக்காது. லெவல் முப்பதைத் தாண்டியிருந்தால் போதும். பழைய சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) போய்விட்டாலும் கவலை இல்லை, மெனுவிலிருந்தே விரிவாக்கத்தைத் தனியாகத் தொடங்கலாம், தயார் செய்த கெரால்டைக் கொடுப்பார்கள். முழு விலைக்கு மட்டும் வாங்காதே. ஸ்டீம் இணையக் கடையில் தள்ளுபடி வரும்வரை பொறு, இரண்டும் சேர்ந்து மலிவாகக் கிடைக்கும்.

ஐப்பசியில் பாண்டியன் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? பத்திரிகை இன்னும் வரவில்லை, ஆனால் தேதி குறித்தாயிற்று என்று போனில் சொன்னான். நீ வந்தால் நம் வீட்டில்தான் தங்க வேண்டும், லாட்ஜ் கீட்ஜ் என்று ஆரம்பிக்காதே. அதற்குள் ஓடிம் கதையை முடித்துவிடு. கடைசியில் அவன் ஒரு விடுகதை போடுவான், அதற்கு இணையத்தில் விடை தேடாமல் நீயே கண்டுபிடித்தாயா என்று கேட்பேன். உன் முகத்தைப் பார்த்தாலே பொய் தெரிந்துவிடும்.

அன்புடன்,
சேகர்