பச்சையாக இருந்தால் காடு நலமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெதர்லாந்து விவசாயிகளின் டிராக்டர் போராட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பண்ணைகள் போன்றவை காற்றில் விடும் நைட்ரஜனுக்கு அனுமதி தந்துவந்த அரசுத் திட்டத்தை 2019 மே மாதம் நீதிமன்றம் செல்லாது என்றது, மாடுகளைக் குறைக்கும் யோசனையை எதிர்த்து அக்டோபரில் டிராக்டர்கள் அரசு இயங்கும் ஹேக் நகருக்குக் கிளம்பியது, 2023 மாகாணத் தேர்தலில் விவசாயிகள் கட்சி முதலிடம் பிடித்தது என்று அரசியலைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால், நைட்ரஜன் உரம்தானே, காட்டில் விழுந்தால் மரத்துக்கு லாபம்தானே என்ற தொனியில் ஒரு பத்தி போகிறது. அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதலில் மரம் வளரத்தான் செய்யும். யூரியா கூடினால் நெல்லும்தான் கருகருவென்று வரும். பிறகு பூச்சி விழும், பயிர் சாயும். இது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாட்டின் நடுவிலுள்ள வெலுவே காட்டை எடுத்துக்கொள்வோம். மணல் பூமி. அங்குள்ள ஓக் மரங்களும் ஹீத்தர் புதர்களும் சத்துக் குறைந்த மண்ணுக்கே பழகியவை. பக்கத்திலேயே நெருக்கமாகக் கோழி, மாட்டுப் பண்ணைகள். அவற்றின் கழிவிலிருந்து கிளம்பும் அமோனியா காற்றோடு வந்து காட்டில் இறங்குகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. நைட்ரேட் மழைநீரோடு கீழே போகையில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. மண்ணில் கட்டுண்டிருந்த அலுமினியம் கரைந்து வேரைத் தாக்குகிறது. ஆக, தழைச்சத்து (நைட்ரஜன்) வழிகிறது, மற்ற சத்துகளுக்குப் பஞ்சம்.

கால்சியம் போனால் நத்தைக்கு ஓடு ஏது? நத்தை குறைந்ததால், அதைத் தின்று கால்சியம் பெறும் கிரேட் டிட் (நம் பட்டாணிக் குருவிக்கு நெருங்கிய சொந்தம்) இட்ட முட்டைகளின் ஓடு மெலிந்துபோனதை 1990களிலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். வேரோடு கூட்டாக வாழும் பூசணங்களும் குறைந்தன. தரையில் புல்லும் முட்செடியும் மண்டி, மற்ற செடிகளை அமுக்கிவிட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. அதே நாட்டில் இசல்ஸ்டைன் என்ற இடத்தில் ஒரு பைன் தோப்பின் இலைப்பரப்புக்குக் கீழே கூரை போட்டு, வந்து விழும் நைட்ரஜன் கலந்த மழைநீரைத் தடுத்து, அதற்குப் பதிலாகச் சுத்தமான நீரைப் பாய்ச்சினார்கள். சில வருடங்களில் பூசணக் காளான்கள் கூடின, மரங்களின் வளர்ச்சியும் தேறியது. காட்டுக்குக் கூரை போடுவதா என்று சிரிப்பு வரலாம், எனக்கும் வந்தது. ஆனால் இதைவிட நேரடியான சாட்சி வேறென்ன வேண்டும்?

இதனால் விவசாயிகளை வில்லனாக்கச் சொல்லவில்லை. பண்ணையைப் பெரிதாக்கு, கடன் தருகிறோம் என்று பல பத்தாண்டுகள் தட்டிக்கொடுத்துவிட்டு, இப்போது மாட்டைக் குறை என்றால் கோபம் வரத்தானே செய்யும். காற்றில் சேரும் நைட்ரஜனில் வாகனப் புகைக்கும் பங்குண்டு. 2020 மார்ச்சில் நெடுஞ்சாலைகளில் பகல்நேர வேகத்தை 100 கிலோமீட்டராகக் குறைத்ததே அதனால்தான்.

கட்டுரை தொடாத இன்னொன்று தீவனம். அந்தப் பண்ணைகளுக்கான சோயாவில் பெரும்பங்கு தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. இறைச்சியும் பாலும் பெரும்பாலும் ஏற்றுமதியாகிவிடுகின்றன, சாணமும் அதிலுள்ள நைட்ரஜனும் அங்கேயே தங்குகின்றன. கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால் இந்தக் கணக்கையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்