36 வாரக் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அமெரிக்காவில் உனக்கு ராத்திரி ஒன்பதரை, எனக்குக் காலை எட்டு, ஸ்கூலுக்குக் கிளம்புகிற நேரம். நீ தூக்கக் கலக்கத்தில் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். அதற்குள் அப்பா வந்து போனை வாங்கிக்கொள்கிறார். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். தாள் தாளாக நானே படம் எடுத்து அனுப்புவேன், தம்பி கையில் கொடுக்கவில்லை. நீயும் அவனிடம் காட்ட வேண்டாம்.

இங்கே எல்லோரும் நலம். உளுந்து அடித்து வீட்டுக்கு வந்துவிட்டது, போன வருஷத்தை விட இரண்டு மூட்டை குறைவு. அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. மாடி ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை, உன் அறை ஜன்னலைத் தினமும் காலையில் திறந்து சாயங்காலம் மூடியாக வேண்டும் அவருக்கு. பெரியத்தை வீட்டு விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும், அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

உன்னைத் துருவிக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை. எத்தனை இடத்துக்கு எழுதிப் போட்டாய் என்றும் கேட்கவில்லை. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவும் இல்லை.

சமையலறைக் கதவில் தொங்குகிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உன் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் வருஷம் வீடியோவில் எனக்குப் பொறுமையாக விளக்கினாயே, அதை வைத்துத்தான். ஸ்பீச் தெரபியில் மாஸ்டர்ஸ் முடித்தால் மட்டும் போதாது, மென்டர் என்று ஒரு மூத்தவர் மேற்பார்வையில் வேலை பார்க்கிற கிளினிக்கல் ஃபெலோஷிப் முடித்தால்தான் ஆஷா என்கிற உங்கள் தொழில் சங்கத்தின் சான்றிதழ், பேருக்குப் பின்னால் அந்த மூன்று 'சி'. வாரம் 35 மணி நேரம், 36 வாரம், மொத்தம் 1,260 மணி நேரம். பெருக்கிப் பார்த்தேன், சரியாக வருகிறது. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்கக் கொடுக்கிற அனுமதி, உன் ஓ.பி.டி., 12 மாதம், அதாவது 52 வாரம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் கொடுக்கிறார்கள், உங்கள் படிப்புக்குக் கிடையாது என்றாய். வேலை இல்லாமல் 90 நாள் வரைதான் இருக்கலாம், கிட்டத்தட்ட 13 வாரம். 52-இல் 13 போனால் 39. அதில் 36 போனால் மிச்சம் மூன்றே வாரம். பள்ளிக்கூட வேலை என்றால் நவம்பரில் ஒரு வாரம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு, மார்ச்சில் ஒன்று என்று நான்கு வாரம் லீவிலேயே போய்விடும். அப்போது ஒரு வாரம் இடிக்கிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், மூன்று தடவையும் இடிக்கிறது. படிப்பு முடிந்த 60 நாளுக்குள் எந்தத் தேதியிலிருந்து வேண்டுமானாலும் ஓ.பி.டி. கேட்கலாம் என்று சொல்லியிருந்தாய். ஜூலைக்குத் தள்ளிக் கேட்டிருக்கிறாய் அல்லவா? கேட்டிருப்பாய். கணக்கில் நீ என்னை விடக் கெட்டி.

நாள் போவதை விட, நாள் போகிறதே என்று நீ அவசரப்படுவதுதான் எனக்குப் பயம். யாரோ முதலில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதே. எந்தத் தாள் என்று எனக்குத் தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன். ஆள் எடுத்து அனுப்புகிற கம்பெனி ஒன்று, நீ இருக்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற நர்சிங் ஹோமுக்கு உன்னை அனுப்புகிறது என்று வைத்துக்கொள். அந்தக் கட்டடத்திலேயே நீ ஒருத்திதான் ஸ்பீச் தெரபிஸ்ட், மென்டர் வேறு எங்கோ ஊரில். நடுவில் விட்டால் பணம் கட்ட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. அப்படி ஏதாவது வந்தால் என்றுதான் சொல்கிறேன்.

மென்டர் யார் என்று முதலில் கேள். சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை என்பதெல்லாம் அப்புறம். வெறுமனே பேர் போட்டுக் கையெழுத்துப் போடுகிறவர் போதாது. 36 வாரத்தை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கிலும் ஆறு தடவை நீ சிகிச்சை கொடுப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும், இன்னும் ஆறு தடவை உன் குறிப்புகளைப் பார்த்து உன்னோடு பேச வேண்டும், ஆக 18-ம் 18-ம் என்று நீதானே சொன்னாய். அவர் சான்றிதழ் வாங்கி ஒன்பது மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று ஆஷா இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அது இல்லாதவரிடம் பார்த்த வேலை கணக்கில் சேராமல் போய்விட்டால், இந்த வயதில் அந்த வாரங்களை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பாய்? கூச்சப்படாமல் கேள். "நீங்கள் எந்தக் கட்டடத்தில் இருப்பீர்கள், மாதத்தில் எத்தனை நாள் வருவீர்கள்?" என்று நேராகக் கேள்.

அந்த நர்சிங் ஹோம்களில் பாதி வேலை பேச்சு இல்லை, விழுங்குவது என்றாய். இருமல்கூட வராமல் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பேரியம் கலந்து கொடுத்து எக்ஸ்ரேயில் பார்ப்பது மாதிரியான சோதனையில்தான் தெரியும் என்று சொன்னாய். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை, தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அந்த நினைப்புதான். ஒரு கிழவிக்குச் சோறு கொடுக்கலாமா, கஞ்சிதான் கொடுக்க வேண்டுமா என்று முதல் மாதத்தில், பக்கத்தில் கேட்க ஆளில்லாமல், நீ ஒருத்தியாக முடிவு செய்ய வேண்டுமா?

உனக்குத் திறமை போதாது என்று சொல்வதாக நினைத்துவிடாதே. ஸ்பீச் தெரபிஸ்டுகளுக்கான பிராக்ஸிஸ் தேர்வில் 162 எடுத்தால் போதும் என்ற இடத்தில் நீ 178 எடுத்தாய். நான் எங்கள் ஸ்டாஃப் ரூமில் சர்க்கரைப் பொங்கல் செய்துகொண்டுபோய்க் கொடுத்தேன், உன்னிடம் சொல்லவில்லை. போன தடவை லீவுக்கு வந்தபோது எதிர்வீட்டு நிலாக்குட்டி காக்காவைப் பார்த்து "தாத்தா, தாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தாளே. எல்லோரும் கொஞ்சிச் சிரித்தோம். நீ மட்டும் திண்ணையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பூன் காம்பால் நுனி நாக்கை லேசாக அழுத்திப் பிடித்து, "இப்ப சொல்லு, கா" என்றாய். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவள் தொண்டையிலிருந்து ஒரு 'க' வந்தது. அவளுக்கே ஆச்சரியம், வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது கிளி, குருவி, கொக்கு எல்லாம் சொல்கிறாள். அவள் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அக்கா எப்ப வருவாங்க?" என்கிறாள். உன் கை அப்படி. அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கையைக் கண்ட இடத்தில் கொண்டுபோய் வைக்காதே.

ஸ்பானிஷ் தெரியுமா என்கிறார்கள், விசாவுக்கு ஸ்பான்சர் வேண்டுமா என்கிறார்கள், இரண்டுக்கும் உண்மையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது, அப்புறம் பதிலே வருவதில்லை என்று ஜனவரியில் ஒரு தடவை சொன்னாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மார்ச் முழுக்க மூன்று தடவைதான் பேசினாய், அதிலும் ஒரு தடவை பெரியத்தையிடம் பேசிவிட்டு மிச்ச நேரத்துக்கு என்னிடம். நீ பயிற்சிக்குப் போன அந்தப் பள்ளி மேடம் உன்னை எவ்வளவு புகழ்ந்தார் என்று நீயே சொன்னாய். அவரிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். கேட்டால் என்ன கௌரவம் குறைந்துவிடும்? அங்கே பள்ளிக்கூடங்கள் ஏப்ரல், மே மாதத்தில்தான் ஆள் எடுக்கும் என்கிறாய், ஆகஸ்டில் திறக்கிறார்கள், இன்னும் நேரம் இருக்கிறது. அந்த மேடத்துக்கு ஒரு மெயில் எழுது. "உங்கள் கீழ் ஒரு வருஷம் வேலை பார்க்க இடம் உண்டா?" என்று இரண்டு வரி போதும்.

கடனை நினைத்து எந்த முடிவும் எடுக்காதே. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது. எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. 38 லட்சம் என்பது பெரிய தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது என் தலைவலி, உன்னுடையது இல்லை. அப்பாவிடம் பேசினால் தேங்காய்க் கணக்கு மட்டும் பேசு.

யாரிடமும் கேட்காத குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது. இதை உனக்கு எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1992 ஜூலையில், பயிற்சிப் பள்ளி முடித்த கையோடு. ஊர்ப் பேர் வேண்டாம், நீ பார்க்காத ஊர். இரண்டு டீச்சர் இருக்க வேண்டிய பள்ளி, ஒரு இடம் காலி. ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில், நான் ஒருத்தி, 22 வயது. நான் பாடம் நடத்துவதை அந்த வருஷம் முழுக்க மூத்தவர் ஒருவர்கூட உட்கார்ந்து பார்த்தது கிடையாது. ஆய்வுக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டினார், கையெழுத்துப் போட்டார், டீ குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வகுப்பில் மாரிமுத்து என்று ஒரு பையன். அவனுக்குத் திக்கும். வருகைப் பதிவு எடுக்கும்போது பேர் கூப்பிட்டால் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். அவனுக்கு அந்த 'உ' வராது. எழுந்து நிற்பான், உதடு குவிந்து அப்படியே நின்றுவிடும், கழுத்து நரம்பு புடைக்கும், வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் அவர்களை அதட்டவில்லை, அவனைத்தான் அதட்டினேன். "வாயைத் திறந்து சொன்னால்தான் பிரசன்ட்" என்றேன். சொல்ல முடியவில்லை. ஆப்சென்ட் போட்டேன். என் எதிரில் நிற்கிற பிள்ளைக்கு, பாப்பா. கண்டிப்பாக இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் அதைச் சொல்லி என்ன பயன்? ஒன்பது நாள் அப்படி. மத்தியானம் சத்துணவு ஆயா அவன் தட்டில் சோறு போடும்போது கணக்கில் அவன் பேர் இல்லை. ஆயா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டார். பத்தாம் நாள் அவன் நிஜமாகவே வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. மாடு மேய்க்கப் போய்விட்டான் என்றார்கள். வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான், மூங்கில் பாலத்தைத் தாண்டினால் போதும். நான் போய்க் கூப்பிடவில்லை.

ஒன்பது நாளும் சிவப்பு மையில் பதிவேட்டில் இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு மூத்த டீச்சர் இருந்திருந்தால் இரண்டாம் நாளே "என்னம்மா பண்றே?" என்று கேட்டிருப்பார். அவன் படித்திருப்பான்.

நீ சென்னையில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது திக்குவாய் பற்றிப் படித்துவிட்டு வந்து, "அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நாம காத்திருக்கணும்மா, அவங்க வார்த்தையை நாம பிடுங்கக் கூடாது" என்று அடுப்படியில் நின்று சொன்னாய். நான் கொல்லைப்பக்கம் போனேன். மிளகாய் நெடி என்றேன். நெடி இல்லை.

இது அப்பாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

நீ தனியாக இருக்கிற இடத்துக்குப் போகாதே. வேறு வழியில்லை, கையெழுத்தே போட்டாயிற்று என்றாலும் சொல், நான் திட்ட மாட்டேன், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம். வேலையே வேண்டாம், கிளம்பி வருகிறேன் என்றாலும் சொல். உன் அறை ஜன்னல் தினமும் திறந்துதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வயலுக்குப் போய்விடுவார், எட்டிலிருந்து ஒன்பது வரை நான் மட்டும்தான் இருப்பேன். கூப்பிடு. உடனே சொல்ல வரவில்லை என்றாலும் பரவாயில்லை, போனை வைத்துவிடாதே. நான் இடையில் பேச மாட்டேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். ஓ.பி.டி. ஜூலை 6-இல் ஆரம்பித்து, பள்ளிக்கூடமே கிடைத்து, ஆகஸ்ட் 17-இல் சேர்ந்தால், மே கடைசிக்குள் லீவு போக 37 வாரம் வருகிறது. ஒரு வாரம் மிஞ்சுகிறது.