மழைநீர் மீது ஏன் இந்தப் பழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பராமரிப்புப் பக்கத்தில் வந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மழைநீரில் அமிலம் கலந்திருப்பதால் அதைக் கொண்டு காரைக் கழுவ வேண்டாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கட்டுரையாளர் அடுத்த பத்திக்குத் தாவிவிட்டார். கார்களுக்குப் பெயின்ட் அடித்தும் பாலிஷ் போட்டும் இருபத்தைந்து ஆண்டுகள் பிழைத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, ஒன்பது ஆண்டுகளாக என் சொந்தக் காரைப் பெரும்பாலும் மழைநீரில்தான் கழுவி வருகிறேன். அந்த வரிக்கு யாராவது பதில் எழுத வேண்டும்; நானே எழுதிவிடுகிறேன்.

அமிலம் இருப்பது பொய்யில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால், மாசே இல்லாத மழைநீரின் பி.எச். மதிப்புகூட, அதாவது அமிலத்தைக் காட்டும் அளவுகூட, சுமார் 5.6தான். நடுநிலை என்பது 7. கந்தக டையாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மிகுந்த காற்றில் பெய்யும் மழையில் அது 4.2, 4.4 என்றுகூட இறங்கும். பி.எச். கணக்கில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறுகிறது என்று பொருள். ஆகவே அது சாதாரண மழையைவிடப் பதினைந்து முதல் இருபத்தைந்து மடங்கு புளித்த மழை. ஆனால் அப்படிப்பட்ட மழையும் பெயின்டின் மேல் வழிந்து ஓடுகிறவரை பெரிய கேடு செய்வதில்லை. பானட்டின் மேல் துளி தங்கி, வெயில் ஏறி, நீர் மட்டும் ஆவியாகி, அமிலம் செறிந்து நிற்கும்போதுதான் மேல்பூச்சு அரிக்கப்படுகிறது. அதற்கு மருந்து காரைக் கழுவித் துடைப்பது. பிடித்து வைத்த மழைநீரில் கழுவி அரை மணி நேரத்தில் துணியால் ஒற்றியெடுக்கும் காருக்கு இந்த அச்சம் எதற்கு?

நான் வேலையில் இருந்தபோது ஒருவர் கறுப்புக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இடப்பக்கம் முழுவதும் வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளிகள். 'எல்லாம் மழையால் வந்த வினை' என்றார். வலப்பக்கத்தைப் பார்த்தேன், கண்ணாடிபோல் இருந்தது. காரின் ஒரு பக்கத்தில் மட்டும் பெய்கிற மழையை நான் கேள்விப்பட்டதில்லை. விசாரித்தபோது, அவர் காரை நிறுத்தும் இடத்தை ஒட்டிப் புல்வெளி இருப்பதும், ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தெளிப்பான் நாள்தோறும் காலையில் இடப்பக்கத்தில் வாரி இறைப்பதும் தெரியவந்தன. புள்ளிகள் அத்தனையும் நிலத்தடி நீரிலிருந்த சுண்ணாம்பும் மற்ற உப்புகளும். நீர்த்த வினிகரைத் துணியில் தொட்டு ஒற்றியதும் மேலோட்டமாக இருந்தவை கரைந்துவிட்டன. பல நாள் வெயிலில் வெந்து பதிந்தவற்றை மட்டும் பாலிஷ் இயந்திரம் வைத்து எடுக்க வேண்டியிருந்தது. பழியை மட்டும் மழை சுமந்தது.

லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு கரைந்த நீரில் காரைக் கழுவுகிறோம் என்று வையுங்கள். கால் லிட்டர் நீர் துடைக்கப்படாமல் காரின் மேலேயே காய்ந்தால் 125 மில்லிகிராம் வெள்ளைப் பொடி அங்கே மிஞ்சும். அதுவும் சீராகப் பரவாது. துளியின் விளிம்பு முதலில் காய்கிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. கரைந்ததையும் மிதப்பதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. சிந்திய காப்பி காய்ந்தால் நடுவில் வெளிறி ஓரத்தில் வளையம் விழுவதும் இதனால்தான். இயற்பியலாளர்கள் இதற்கு 1997இல் கணக்கோடு விளக்கம் கொடுத்தார்கள். கார் துடைக்கிறவர்கள் கண்ணால் முன்பே கண்டதுதான். மண்ணையும் பாறையையும் தொடாத மழைநீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகக் குறைவு. காய்ந்தாலும் மிச்சம் வைக்க அதனிடம் அதிகம் எதுவும் இல்லை. கடலோரத்தில் மட்டும் காற்று கொண்டுவரும் உப்பு கொஞ்சம் சேரும்.

பிறகு மழையில் நின்ற கார் ஏன் புள்ளி புள்ளியாக அசிங்கப்படுகிறது என்று கேட்பீர்கள். அந்தப் புள்ளி பெரும்பாலும் கார் ஏற்கெனவே போர்த்தியிருந்த தூசி. முதல் துளிகள் காற்றிலிருந்து கொஞ்சம் புழுதியையும் புகையையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். தூறலோடு மழை நின்றுவிட்டால் எல்லாம் சேர்ந்து வளையமாகக் காயும். கொட்டும் மழையில் காரை வெளியே விட்டுவிட்டு இலவசமாகக் கழுவியாயிற்று என்று மகிழ்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: நடுத்தரக் காரில் மழை நேராக விழும் மேற்புறம் ஏறக்குறைய 7 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மணிக்கு 10 மில்லிமீட்டர் பெய்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 70 லிட்டர்தான், அதுவும் மெல்ல மெல்ல, மேற்புறத்தில் மட்டும். கதவுகளில் ஒட்டிய எண்ணெய்ப் புகையும் சாலைச் சேறும் அதற்கு அசையாது. கொட்டும் மழையிலேயே இறங்கி ஷாம்பு தேய்க்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நுரை அழுக்கை இளக்குவதற்கு முன் மழை அதை வழித்துக்கொண்டு போய்விடுகிறது. இடி மின்னலில் வாளியோடு வெட்டவெளியில் நிற்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மழைநீரைப் பிடித்து வைக்க வேண்டும். இதில்தான் நானும் சறுக்கினேன். முதல் ஆண்டு, பெய்த முதல் மழையையே ஆசை ஆசையாகக் கூரையிலிருந்து டிரம்முக்குத் திருப்பினேன். பறவை எச்சம், சருகு ஊறிய பழுப்பு நீர், கூரையில் மாதக்கணக்கில் சேர்ந்த மணல் எல்லாம் உள்ளே வந்தன. அந்த நீரில் தேய்த்த கார் வெயிலில் நின்றபோது சிலந்தி வலைபோல் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. பெயின்டின் மேலுள்ள நிறமற்ற காப்புப் பூச்சு 40, 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஒவ்வொரு முறை பாலிஷ் போட்டுக் கீறலை எடுக்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் போய்விடும். ஊரார் கார்களில் அந்தக் கீறலை எடுத்தவன், என் காரில் நானே போட்டு நானே எடுத்தேன்.

அப்போதிலிருந்து மழையின் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரை வெளியே விட்டுவிடுகிறேன். 50 சதுர மீட்டர் கூரைக்கு அது 50 முதல் 100 லிட்டர். மனம் கேட்காதுதான். ஆனால் அதன் பிறகு 10 மில்லிமீட்டர் பெய்தால், சிந்தியதும் தெறித்ததும் போக 400 லிட்டர் கிடைக்கும். நான் ஒரு முறை கழுவ எடுப்பது 40 லிட்டர். டிரம்மின் குழாயை அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வைத்திருக்கிறேன், வண்டல் கீழேயே கிடக்கட்டும் என்று. வெளிச்சம் புகாத நிற டிரம்தான் வேண்டும், இல்லாவிட்டால் பாசி. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், நீர் நுழையும் வாயில் நெருக்கமான வலை வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, இப்படித் தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, சுவரைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் மழைநீர் சேமிக்காமல் இருப்பதே அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் உதவி.

கழுவும்போது ஷாம்புவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம், உப்பு குறைந்த இந்த மென்னீரில் நுரை பொங்கி வரும். அலசிய பின்னும் கை வழுக்குவதுபோல் இருந்தால், அது மென்னீரின் குணம், பதறி மீண்டும் மீண்டும் நீரை ஊற்ற வேண்டாம். ஒரு வாளி ஷாம்புக்கு, இன்னொன்று துணியை அலச, மேலிருந்து கீழ், சக்கரங்கள் கடைசியில், வேறு துணியால். மழைநீர்தானே, சுத்தம்தானே என்று பேட்டரியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதற்குக் காய்ச்சி வடித்த நீர்தான்.

என்னைப் போல மழைநீருக்காக வாதாடுகிறவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மழைநீரில் கார் கழுவித் தண்ணீரை மிச்சப்படுத்துகிறோம் என்று மார்தட்டுகிறார்கள். குழாயைத் திறந்து பிடித்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கால் மணி நேரத்தில் 225 லிட்டர் போகும். வாளியில் 40 போதும். அந்த மிச்சம் வாளியின் புண்ணியம், எந்த நீராக இருந்தாலும் கிடைக்கும். தவிர, கழுவிய நீர் எங்கே போகிறது என்று இவர்களில் பலர் பார்ப்பதில்லை. ஷாம்பு, எண்ணெய், பிரேக்கிலிருந்து உதிர்ந்த உலோகத்தூள் எல்லாம் கலந்த அந்த நீரை, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழிக்குள் விடுகிற ஒருவரைப் பார்த்தேன். கூரையில் வடிகட்டியது அவ்வளவும் வீண். மழைநீர் வடிகாலில் விட்டாலும் அது பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றுக்கோ குளத்துக்கோ போய்ச் சேரும். புல்லோ மண்ணோ உள்ள தரையில், கிணற்றிலிருந்து தள்ளி நிறுத்திக் கழுவலாம். அதற்கு இடமில்லையென்றால், கழுவிய நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் சர்வீஸ் நிலையத்துக்கு வண்டியை ஓட்டிப் போவதே மேல்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையில் வைப்பர் ரப்பரைப் பற்றி எழுதியிருந்தது முழுக்கச் சரி. படித்த மறுநாளே என் காரில் மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கார் பெயின்டர் ஒருவர்